யாழ்ப்பாணத்தில் பாதசாரிகள் ஏன் ஆபத்தான முறையில் வீதியைக் கடக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்து செல்வோர் வீதியைக் கடக்கும் விதம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "சனத்துக்கு ஒழுங்கு தெரியாது" என்ற ஒரே வரியில் அது முடிந்துவிடுகிறது. கடப்பவரின் பக்கத்தில் நின்று பார்த்தால், அவர் எடுக்கும் முடிவுக்குப் பின்னால் தூரம், நேரம், வெயில், பஸ், பழக்கம், கண்ணின் கணிப்பு என்று பல காரணங்கள் இருப்பது தெரியும். அவற்றுட் சில பிழையான கணிப்புகள், சில முற்றிலும் நியாயமானவை. எது எந்த வகை என்பதைப் பிரித்துக் காட்டுவதற்காகவே கீழுள்ள கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

பாதசாரிக் கடவை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போது, ஏன் பலர் அதை விட்டுவிட்டு வேறிடத்தில் கடக்கிறார்கள்?

நடப்பவர் தன் உடம்பாலேயே தூரத்தை அளக்கிறார் என்பதுதான் முதற்காரணம். வாகனத்தில் போகிறவருக்கு எண்பது மீற்றர் என்பது சில செக்கன்கள். மதிய வெயிலில், ஒரு கையில் குடையும் மறுகையில் மரக்கறிப் பையுமாக நிற்பவருக்கு எண்பது மீற்றர் போய், கடந்து, எதிர்ப்பக்கத்தில் எண்பது மீற்றர் திரும்பி வருவது இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட நடை. அந்த நடையில் நிழலும் இல்லை. வீதிகளை அகலித்தபோது வீதியோரத்து மரங்கள் பல இடங்களில் வெட்டப்பட்டன. நடைபாதை இருக்கும் இடங்களிலோ மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன, கடைக்காரரின் பிளாஸ்டிக் கதிரைகளும் வாளிகளும் வெளியே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கடவையை நோக்கி நடப்பதற்கே வீதியில் இறங்கித்தான் நடக்க வேண்டும். வீதியில் இறங்கிவிட்டவருக்கு, "இனி இதிலேயே கடந்துவிடலாம்" என்று தோன்றுவது இயல்பு.

இரண்டாவது காரணம், கடவைகள் இருக்கும் இடம். சந்தையின் வாசல், வைத்தியசாலையின் வாசல், ரியூசன் நிலையத்தின் ஒழுங்கை, கோயிலின் மேற்கு வீதி, பஸ் நிற்கும் மரத்தடி ஆகியவையே மக்கள் கடக்க விரும்பும் இடங்கள். கடவைகள் பெரும்பாலும் சந்தியின் வளைவையும் வீதியின் அமைப்பையும் பார்த்து வரையப்படுகின்றன. ஆஸ்பத்திரி வீதியில் மத்திய பஸ் நிலையத்தை அண்டிய பகுதியிலோ, பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தையின் முன்னோ அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். ஆட்கள் கடக்கும் கோடு ஒன்று, கோடு போடப்பட்ட இடம் வேறொன்று என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது காரணத்தை நடப்பவர்களே வெளிப்படையாகச் சொல்வார்கள்: கடவையில் நின்றாலும் வாகனம் நிற்பதில்லை. அங்கும் வாகனங்களுக்கிடையே இடைவெளி பார்த்துத்தான் கடக்க வேண்டுமென்றால், அந்த இடைவெளியை இங்கேயே பார்த்துக்கொள்ளலாமே என்ற எண்ணத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

அப்படியானால் இது அறியாமையால் வருவது அல்லவா?

பெரும்பாலும் இல்லை. சிறு வயதிலேயே "வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மீண்டும் வலப்பக்கம் பார்" என்று பாடசாலையில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நடுவீதியில் நிற்கிறார்கள். அவர்களுக்கு விதி தெரியும். அந்த வேளையில் அந்த விதியைக் கடைப்பிடிப்பதால் வரும் செலவு, கடைப்பிடிக்காததால் வரக்கூடிய தீங்கைவிடப் பெரிதாக அவர்களுக்குப் படுகிறது. நேற்றும் முந்தநாளும் அதே இடத்தில் கடந்து ஒன்றும் நடக்காமற் போனது அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது.

"வாகனம் தூரத்தில்தானே வருகிறது" என்று நம்பி இறங்குகிறோம். அந்தக் கணிப்பு எங்கே பிழைக்கிறது?

வாகனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண் ஓரளவு சரியாகவே சொல்லும். அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைச் சொல்வதில்தான் கண் மிகவும் பலவீனமானது, அதுவும் நேரெதிரே நம்மை நோக்கி வரும் பொருளைப் பொறுத்தவரை. பக்கவாட்டில் போகும் வாகனத்தின் வேகத்தை, பின்னணியில் உள்ள மதிலையும் மரத்தையும் ஒப்பிட்டுக் கண்டுகொள்ளலாம். நம்மை நோக்கி வருவது கண்ணில் மெல்ல மெல்லப் பெரிதாவதைத் தவிர வேறு அடையாளம் தராது. தூரத்தில் இருக்கும்வரை அந்தப் பெரிதாதலும் மிகச் சிறியது. எனவே மனம் வேகத்தை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிறது.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். இரண்டு வழித்தடங்கள் கொண்ட ஏழு மீற்றர் அகலமான வீதியைச் சாதாரண நடையில், அதாவது செக்கனுக்கு 1.2 மீற்றர் வீதம் கடக்க ஏறத்தாழ 6 செக்கன்கள் வேண்டும். அந்த 6 செக்கன்களில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சைக்கிள் 25 மீற்றர் தூரம் வரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் 100 மீற்றர் தூரம் வந்துவிடும். ஐம்பது மீற்றர் தொலைவில் ஒரு சைக்கிளைக் கண்டு இறங்குபவர் தாராளமாகக் கடந்துவிடுவார். அதே தொலைவில் அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு இறங்குபவர் வீதியின் நடுவை எட்டும்போது அது அவருக்கு முன்னால் இருக்கும். இறங்கும்போது இருவரின் கண்ணுக்கும் தெரிந்த காட்சி ஏறத்தாழ ஒன்றேதான்.

முதியவர்கள் ஏன் வாகனங்களைப் பொருட்படுத்தாதவர்கள் போல நிதானமாக இறங்குகிறார்கள்?

அவர்கள் பொருட்படுத்துகிறார்கள். அவர்களுடைய கணிப்பு பழகிய வீதி வேறு என்பதே என் கருத்து. வயதானவர்கள் இளையோரைவிடக் கூடுதலாகத் தூரத்தை மட்டும் வைத்தே கடக்கும் முடிவை எடுக்கிறார்கள் என்பது பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ள பொதுவான உண்மை. யாழ்ப்பாணத்தில் அதற்கு மேலாக ஒரு வரலாறும் இருக்கிறது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இங்கே கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் சில மினிபஸ்களும் தவிர வீதியை ஆண்டது சைக்கிள். பிரேதம் போன வழியிலும் மாப்பிள்ளை போன வழியிலும் சைக்கிள்கள்தான் நிறைந்திருந்தன. யாழ்ப்பாணத்தைத் தென்பகுதியோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009இன் பின்னரே முழுமையாகத் திறந்தது. அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் லீசிங் நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் கொடுத்தன, குண்டும் குழியுமாக இருந்த வீதிகள் காப்பெற் வீதிகளாயின. குழிகள்தாம் அதுவரை இயற்கையான வேகத்தடைகளாக இருந்தன என்பதை அப்போது எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. தன் நாற்பது, ஐம்பது வயதுவரை சைக்கிள் வேகத்தை வைத்துக் கண்ணைப் பழக்கிய ஒருவர், இன்று எழுபதாவது வயதில், வேகம் மும்மடங்கு நான்கு மடங்கு கூடிய அதே வீதியில் அதே கண்ணோடு இறங்குகிறார். அவருடைய நடையும் இப்போது தளர்ந்திருக்கிறது. செக்கனுக்கு 0.9 மீற்றர் வீதம் நடப்பவருக்கு அதே ஏழு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 8 செக்கன்கள் வேண்டும். அந்த நேரத்தில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 130 மீற்றரைத் தாண்டிவிடும்.

காப்பெற் வீதி ஒலியையும் குறைத்துவிட்டது. முன்பு வாகனம் குழியில் விழுந்தெழும் சத்தமே அது வருவதை அறிவித்தது. காது மந்தமான ஒருவருக்கு அது பெரிய இழப்பு.

பிள்ளைகளுக்கு எத்தனை வயதில் தனியாகக் கடக்கத் தெரியும்?

வயதெல்லை ஒன்றைக் கறாராகச் சொல்வது சரியல்ல. ஆனாலும் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது என்பதற்குக் கீழ்ப்படியாமையைவிட வலுவான காரணம் உண்டு. இங்கிலாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த வயதுப் பிள்ளைகளின் கண்ணால் மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நெருங்கிவரும் வாகனத்தை, அது நெருங்குகிறது என்றே நம்பகமாகக் கண்டுகொள்ள முடியாமற் போகலாம் என்று காட்டியது. பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன் என்று பிள்ளை சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வாகனத்தைப் பிள்ளை பார்த்தது, அது வந்துகொண்டிருப்பதாகத்தான் தெரியவில்லை. அடித்துத் திருத்தக்கூடிய விடயம் அல்ல இது.

காலையில் பாடசாலைக்கு முன்னால் மாணவர் கடவைப் பணியில் நிற்கும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் செய்வது மதிப்பிட முடியாத உதவி. மாலை ரியூசன் விடும் நேரத்தில் அப்படி எவரும் நிற்பதில்லை. அறுபது, எழுபது பிள்ளைகள் ஒரே கணத்தில் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவது அந்த நேரத்தில்தான், அதுவும் பெரும்பாலும் பொழுதுபட்ட பின்.

ஒருவர் இறங்கினால் பின்னால் நிற்பவர்களும் பார்க்காமலே இறங்குவது ஏன்?

பிறரின் அசைவையே நாம் ஒரு தகவலாக எடுத்துக்கொள்கிறோம். முன்னால் நிற்பவர் கால் வைத்துவிட்டார் என்றால் அவர் பார்த்திருப்பார் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. 2010இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ஆய்வொன்றில், பக்கத்தில் நிற்பவர் கடக்கத் தொடங்கிவிட்டால் மற்றவர் கடக்கத் தொடங்கும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டரை மடங்காகிறது எனக் கண்டார்கள். அவ்வாறு பின்தொடர்ந்தவர்களிற் சிலர் இடையிலேயே திரும்பி ஓட வேண்டியும் வந்தது. இதைவிடப் பழைய ஆய்வொன்று 1955இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. ஒரே மனிதர் ஒருமுறை நன்றாக உடுத்தும், இன்னொருமுறை அழுக்குடையிலும் சமிக்ஞை விளக்கை மீறிக் கடந்தார். நன்றாக உடுத்திருந்தபோது அவரைப் பின்பற்றி மீறியவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

நம்மூரில் ரையும் சப்பாத்தும் அணிந்த உத்தியோகத்தர் ஒருவர் கச்சேரியடியில் விளக்கை மீறிக் கடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இனியொரு ஆய்வு தேவையில்லை.

கூட்டமாகக் கடப்பதற்கு நியாயமான பக்கமும் உண்டு. தனியொருவருக்கு நிற்காத மினிபஸ் பத்துப் பேருக்கு நிற்கும். அதனால் "ஆட்கள் சேரட்டும்" என்று காத்திருப்பது கெட்டிக்காரத்தனம்தான். கூட்டத்தின் கடைசி ஆளுக்கு மட்டும் அது பொருந்தாது. முதல் ஆள் பார்த்த இடைவெளி கடைசி ஆள் இறங்கும்போது முடிந்திருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதற்கு முன்னாலேயே கடப்பது அவ்வளவு ஆபத்தானதா?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் இதுவே மிகவும் ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏ9 வீதியில் கொடிகாமத்திலோ சாவகச்சேரியிலோ சந்தைக்கு வரும் அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மினிபஸ் நின்றும் நிற்காமலும் இருக்கிறது, நடத்துநர் "இறங்குங்கோ, கெதியா இறங்குங்கோ" என்று மிதிபலகையில் நின்று அவசரப்படுத்துகிறார், இன்னொரு பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கிறது. அம்மா முதலில் கடகத்தை இறக்குகிறார், பிறகு தான் இறங்குகிறார். சந்தை எதிர்ப்பக்கம். சாரதி அவரைப் பார்த்துக் கையை அசைத்து "போங்கோ" என்கிறார். அவர் பஸ்ஸின் மூக்கை ஒட்டியபடி நடந்து, அதன் வலது விளக்கைத் தாண்டி ஓரடி வைக்கிறார். அந்த ஓரடியில்தான் பஸ்ஸை முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அம்மாவுக்கு அதைப் பார்க்க வழியில்லை, மோட்டார் சைக்கிள் ஓடுபவருக்கு அம்மாவைப் பார்க்க வழியில்லை. கை காட்டிய சாரதிக்குத் தன் பின்னால் வருவது பற்றிய உத்தரவாதம் எதுவும் இல்லை. அவருடைய கையசைவு மரியாதையால் வந்தது, அது பாதுகாப்பு ஆகாது.

பஸ் புறப்பட்டுப் போக அரை நிமிடம்கூட ஆகாது. போனபின் வீதியின் இரு பக்கமும் தெரியும். ஆயினும் மக்கள் பஸ் நிற்கும்போதே கடப்பதற்குக் காரணம், அது வீதியின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பதால், "பாதி வீதி பாதுகாப்பாகிவிட்டது" என்ற உணர்வு உண்டாவதே. கடக்கத்தான் வேண்டுமென்றால் பஸ்ஸின் வலது ஓரத்தில் நின்று தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்த பின்பே அடுத்த அடியை வைக்க வேண்டும். இறங்கும்போதுகூடப் பஸ்ஸுக்கும் வீதியோரத்துக்கும் இடையே இடப்பக்கத்தால் நுழையும் மோட்டார் சைக்கிள்கள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

கடவைக் கோடுகளைக் கூடுதலாக வரைந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கோடு மட்டும் போதாது. சில இடங்களில் கோடு மட்டும் இருப்பது இல்லாததைவிடக் கெடுதல். அமெரிக்காவில் 2005இல் வெளியான பெரிய ஆய்வொன்று, கோடு உள்ள ஆயிரம் இடங்களையும் கோடு இல்லாத ஆயிரம் இடங்களையும் ஒப்பிட்டது. இரண்டு வழித்தட வீதிகளில் கோட்டினால் விபத்து வீதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. நாளொன்றுக்கு 12,000 வாகனங்களுக்கு மேல் ஓடும், நடுத்திட்டு இல்லாத, பல வழித்தடங்கள் கொண்ட வீதிகளில் கோடு மட்டும் போடப்பட்ட இடங்களில் பாதசாரி விபத்து வீதம் கூடுதலாக இருந்தது. ஒரு தடத்தில் வாகனம் மரியாதையாக நிற்கும், அதை மறைவாகக் கொண்டு அடுத்த தடத்தில் வருவது மோதும். மேலே சொன்ன பஸ்ஸின் கதைதான் இது, பெரிய அளவில்.

கோட்டோடு வேறு ஏதாவது சேர வேண்டும். வீதியின் நடுவே ஒதுங்கி நிற்க ஒரு திட்டு இருந்தால் ஒரு தடவையில் ஒரு திசையை மட்டும் பார்த்தாற் போதும். அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம், கோடு உள்ள கடவைகளில் நடுத்திட்டு அமைப்பதால் பாதசாரி விபத்துகள் 46 வீதம் குறைவதாகக் கூறுகிறது. கடவையையே சற்று உயர்த்தி மேடாக அமைத்தால் வாகனம் விரும்பியோ விரும்பாமலோ வேகத்தைக் குறைக்கும். கடவைக்கு நேர் மேலே ஒரு வீதி விளக்கும், கடவைக்கு அண்மையில் வாகனம் நிறுத்தாதிருக்கும் ஒழுங்கும் சேர்ந்தால் அதுவே பெரிய முன்னேற்றம்.

மேம்பாலம்?

யாழ்ப்பாணத்துக்கு வேண்டாம் என்பேன். 1965இல் பிரித்தானியாவில் செய்யப்பட்ட ஆய்வின்படி, மேம்பாலத்தால் போவதற்கு வீதியைக் கடப்பதைவிட ஒன்றரை மடங்கு நேரம் எடுக்குமானால் ஏறத்தாழ எவருமே அதைப் பயன்படுத்துவதில்லை. முழங்கால் வலியோடு கிளினிக்குக்கு வருபவரைப் படியேறச் சொல்வது வாகனங்களுக்காகச் செய்யும் ஏற்பாடு.

கையை நீட்டி வாகனத்தை மறித்துக்கொண்டு கடக்கலாமா?

கையை உயர்த்துவதில் தவறில்லை, அது சாரதியின் கண்ணை ஈர்க்கும். கை நீட்டியதும் வாகனம் நிற்கும் என்று நம்பி உடனே நடப்பதுதான் தவறு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் உங்களைக் கண்டு, பிறேக் பிடித்து, முழுமையாக நிற்க உலர்ந்த வீதியிலேயே ஏறத்தாழ 35 மீற்றர் வேண்டும். 70 கிலோமீற்றரில் அது 55 மீற்றருக்கு மேல். மாரி மழையில் இன்னும் கூடும். வாகனம் மெதுவாவதைக் கண்ணால் கண்டபின் இறங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் கடக்கும்போது தடுமாறுவது ஏன்?

கனடா, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன. அங்கே வீதியில் இறங்குபவர் முதலில் இடப்பக்கம் பார்க்கிறார். இங்கே முதல் ஆபத்து வலப்பக்கத்திலிருந்து வருகிறது. இருபது, முப்பது ஆண்டுப் பழக்கம் விமானத்தால் இறங்கிய உடனே மாறுவதில்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிது. அவர்களுக்குக் கடவையில் கால் வைத்தாலே வாகனம் நிற்கும் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிரே வரும் வாகனம் விளக்கை மின்னவிட்டால், பிரித்தானியாவில் அதைப் பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அதன் பொருள் "நான் வருகிறேன், நில்லுங்கள்". ஓடும் பக்கம் ஒன்றாக இருந்தும் லண்டனிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது இதில்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் உறவினர்களை அழைத்துச் செல்வோர் இவ்விரண்டையும் வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதால் உள்ளே எவரும் இஷ்டம்போல் நடக்கலாம். வீதித் தடையைத் தாண்டி வெளியே வரும் முதல் சில அடிகளில், வாகனங்கள் உண்டு என்ற நினைவு திரும்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது.

இரவில் என்ன மாறுகிறது?

நடப்பவருக்கு வாகனத்தின் விளக்கு தெளிவாகத் தெரிவதால், சாரதிக்கும் தன்னைத் தெரியும் என்று நினைத்துவிடுகிறார். தாழ்த்திய விளக்கொளியில் கருநிற உடை அணிந்தவர் சாரதியின் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் 50 மீற்றருக்கும் குறைந்த தூரத்தில்தான். வேகமாக வருபவருக்கு நிறுத்துவதற்கு அந்தத் தூரம் போதாது. எதிரே வரும் வாகனம் விளக்கைத் தாழ்த்தாவிட்டால் அந்தச் சில செக்கன்களுக்குச் சாரதி குருடர். வெள்ளை வேட்டியும் வெளிர்நிறச் சேலையும் இதில் உதவும். கைபேசியின் விளக்கை நிலத்தை நோக்கிப் பிடித்து நடப்பது இன்னும் உதவும். நடைபாதை இல்லாத வீதியில், வரும் வாகனம் முகத்துக்கு நேரே தெரியும்படி வலப்பக்கமாக நடப்பதே முறை.

கைபேசி?

பேசிக்கொண்டு கடப்பவர் தலையைத் திருப்பிப் பார்த்தாலும் மனம் பார்ப்பதில்லை. காதில் செருகிய கருவி சத்தத்தையும் அடைத்துவிடுகிறது. கடக்கும் அந்த ஆறு செக்கன்களுக்கு உரையாடலை நிறுத்துவதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

புகையிரதக் கடவைகளிலும் இதே நடத்தையைக் காண்கிறோமே?

இங்கும் வரலாறு குறுக்கே நிற்கிறது. 1990இல் நின்ற புகையிரதச் சேவை 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பாதை இருந்த நிலம் மாடு மேய்க்கவும் குறுக்கே நடக்கவும் பயன்பட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ஒரு தலைமுறை முழுவதும் தண்டவாளத்தைக் கண்டால் நின்று பார்க்கும் பழக்கமே இல்லாமல் வளர்ந்தது.

கண்ணின் ஏமாற்று இங்கே வீதியைவிடக் கூடுதல். பெரிய பொருள் ஒன்று, அதே வேகத்தில் வரும் சிறிய பொருளைவிட மெதுவாக வருவதுபோலத் தோன்றும். அதனால்தான் "இன்னும் தூரத்தில் நிற்கிறது" என்று சொல்லிக்கொண்டு கடவைக்குள் நுழைகிறார்கள். சாரதி கண்டவுடன் நிறுத்தினாலும் புகையிரதம் நிற்கப் பல நூறு மீற்றர் ஓடும். காவலாளி இல்லாத கடவையில் நிற்பது, இரு பக்கமும் பார்ப்பது, ஒரு புகையிரதம் போனபின்னும் மறுபக்கம் பார்ப்பது ஆகிய மூன்றும் கட்டாயம்.

பாதசாரிகளைப் பிடித்துத் தண்டம் விதித்தால் திருந்த மாட்டார்களா?

பொலிஸார் நிற்கும் வாரத்தில் திருந்துவார்கள். காத்திருக்கும் நேரம் 30 செக்கன்களைத் தாண்டும்போது பாதசாரிகள் பொறுமையிழந்து ஆபத்தை ஏற்கத் தொடங்குகிறார்கள் என்பது போக்குவரத்துப் பொறியியலாளர்களின் கைநூல்களிலேயே உள்ள விடயம். சமிக்ஞை விளக்கு ஒருவரை ஒன்றரை நிமிடம் வெயிலில் நிறுத்தினால் பிழையின் ஒரு பகுதி விளக்கினுடையது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழான விதிகளும் பாதசாரிக்குக் கடமை விதிப்பதைப் போலவே, கடவையில் அவருக்கு வழிவிடும் கடமையைச் சாரதிக்கும் விதிக்கின்றன. தண்டம் விதிப்பதென்றால் அங்கிருந்து தொடங்குவதே நியாயம். கடவையில் வாகனம் நிற்கும் என்ற நம்பிக்கை ஊரில் வந்துவிட்டால், கடவைக்கு நடந்துபோக மக்களுக்கு அப்போதுதான் ஒரு காரணம் கிடைக்கும்.

அப்படியானால் எதை முதலில் மாற்ற வேண்டும்?

வேகத்தை. மேலே சொன்ன பிழைகள் ஏறத்தாழ எல்லாமே, வாகனம் மெதுவாக வந்தால் உயிராபத்து இல்லாத பிழைகளாகிவிடும். அமெரிக்காவில் 2011இல் வெளியிடப்பட்ட கணிப்பின்படி, மணிக்கு 37 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 10 வீதம், 68 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் 50 வீதம். லண்டனில் வேக எல்லை மணிக்கு 32 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்ட பகுதிகளில் வீதி விபத்தில் காயமுற்றோரும் இறந்தோரும் ஏறத்தாழ 42 வீதத்தால் குறைந்தனர் என இருபது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

இலங்கையில் நகர்ப்புறங்களில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 40 கிலோமீற்றர் என்பது எல்லை. காங்கேசன்துறை வீதியில் கொக்குவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் இடையே உள்ள பாடசாலைகளையும் சந்தைகளையும் பார்த்தால், அந்த 50கூட அங்கே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதியவரின் கண்ணையும் பிள்ளையின் கண்ணையும் மாற்ற முடியாது. சந்தைக்கு முன்னால் வாகனம் ஓடும் வேகத்தை மாற்றலாம்.

எங்கள் ஊரில் கடவையோ வேகத்தடையோ வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது?

முதலில் வீதி யாருடையது என்று அறிய வேண்டும். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பு. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் பல மாதங்கள் அங்கேயே கிடக்கும்.

கடிதத்தில் "விபத்துகள் அதிகம்" என்று மட்டும் எழுதுவது பயன் தராது. எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு மக்கள் கடக்கிறார்கள், எந்த நேரத்தில், ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ எத்தனை பேர், அவர்களில் பிள்ளைகளும் முதியவர்களும் எத்தனை, அருகிலுள்ள கடவை எத்தனை மீற்றர் தூரத்தில் என்பவற்றை எழுதுங்கள். இதைச் சேகரிக்க உயர்தர மாணவர் இருவருக்கு ஒரு காலையும் ஒரு மாலையும் போதும். பாடசாலை அதிபர், சந்தை வியாபாரிகள், கிராம அலுவலர் ஆகியோரின் கையொப்பத்தோடு ஒரு பிரதியைப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கும், இன்னொன்றைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் பேசப்படும்படி பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். கடவை வரையப்படுமானால், சந்தியின் வளைவுக்குப் போகாமல் நீங்கள் எண்ணிய அந்த வாசலுக்கு நேரே வரும்படி, வரைய வருபவர்களோடு ஒருவர் கூட நின்று இடத்தைக் காட்டுவது நல்லது.